கொட்டாவி விட்டவளை நீ பார்த்தாய்

மச்சான்,

நேற்று கம்பத்துப் பட்டறையில் லாரியின் கரி டிரம்மைக் கழற்றினார்கள். உலகச் சண்டை முடிந்து ஒருவழியாக எஸ்டேட்டுக்குத் தேவையான பெட்ரோல் கிடைக்கத் தொடங்கிவிட்டது. இனிமேல் கரியைக் கொளுத்தி அதன் வாயுவில் வண்டி ஓட்டும் பிழைப்பு இல்லை. மேஸ்திரி டிரம்மின் அடிமூடியைத் திறந்ததும், நனைந்த கரியும் சாம்பலும் கலந்த அந்த வாடை குப்பென்று வந்தது. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன டிரைவரே, புகை ஒத்துக்கிரலையா?" என்றான் மேஸ்திரி. ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்தேன். புகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வாடையை முகர்ந்துகொண்டு நான் நடுங்கி நின்ற வேறொரு நாள்தான் காரணம். நீ இருந்தவரை அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. இப்போது நான் பேசுகிறேன். குறுக்கே விழுந்து கேலி பண்ண நீ இல்லை என்பது ஒரு வசதிதான்.

நீ உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. நான் சின்னமனூரில் நிலம் உழும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. குமுளிக்கு மேலே அந்த ஏலக்காய் எஸ்டேட்டில் நீ கம்பவுண்டர், நான் லாரி டிரைவர். நான் தேவதானப்பட்டியில் கல்யாணம் முடித்துக் காமாட்சியைக் கூட்டிவந்த புதிதில் அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நீ கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, "கசக்குதுண்ணே" என்றாள். அந்த ஒரு 'அண்ணே'யில் நீ விழுந்துபோனாய். உனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. அன்றிலிருந்து நான் உனக்கு மாப்பிள்ளை, நீ எனக்கு மச்சான். நோன்பு மாதத்தில் உன் வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்வந்தால் உனக்கு மாலையும் உன் பெண்டாட்டிக்கு வளையலும் வாங்கிவந்து அவளிடம் கொடுத்துவிட்டு, "உன் அண்ணனுக்கு மாலை, உனக்கு வளையல்" என்று உன்னையே அவளுக்கு அண்ணனாக்கிக் குழப்பிவிடுவாள் காமாட்சி. முறை எல்லாம் அவள் இஷ்டம்தான்.

நான் எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று உனக்குத் தெரியும். கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டேன். கைவிரலில் முள் குத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உன்னிடம் நீட்டுவேன். "இவன் மலை ரோட்டுல எப்படித்தான் வண்டி ஓட்டுறானோ" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீ. பயந்துகொண்டுதான் ஓட்டினேன். பயப்படாமல் ஓட்டிய டிரைவர்கள் பள்ளத்தில் கிடக்கிறார்கள்.

அந்த நாளைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடி மழையில் அந்தக் காட்டில் தரையைத் தொட்டால் அட்டை. களை எடுக்கப் போகும் பெண்கள் பாதத்திலிருந்து முழங்கால் வரை சாக்குக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, புகையிலையையும் சுண்ணாம்பையும் பூசிக்கொண்டு போவார்கள். அப்படியும் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே ஏறிவிடும். கடித்து விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது, வடிந்துகொண்டே இருக்கும். மத்தியானம் வேலைக்காட்டைப் பார்த்தால் அத்தனை பேர் காலும் ரத்தமாகத்தான் இருக்கும். யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ரத்தத்தைக் கண்டு ஒருவரும் பதறாத இடம் அது.

அன்று நான் ஸ்டோர் வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். மேலே காட்டுக்குள் ஏதோ பெரிதாக முறியும் சத்தம் கேட்டது. பிறகு கூச்சல். பட்டுப்போய் நின்ற ஒரு காட்டுமரம் மழையில் வேர் பெயர்ந்து களைக்காட்டின் மேல் சாய்ந்துவிட்டது. காமாட்சி அன்று அந்தக் காட்டில்தான் இருந்தாள். டிரைவர் பெண்டாட்டி வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "லயத்து வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கவா?" என்று கேட்பாள். கூச்சல் வந்த பக்கம் ஓடினேன். நீ மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாய்.

மரம் யார் மேலும் நேராக விழவில்லை. கிளை ஒன்று அடித்துக் கங்காணி மொக்கையனுக்குக் கை முறிந்திருந்தது. மனுஷன் போட்ட சத்தத்தில் காட்டுக்குருவி ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. "அய்யோ, செத்தேன், ஏலே யாராச்சும் பிடிங்கடா" என்று உருண்டுகொண்டிருந்தார். ஊரே அவரைச் சுற்றி நின்றது. நீயும் அங்கேதான் போனாய். மூங்கில் பத்தை வைத்து அவர் கையைக் கட்ட ஆரம்பித்தாய்.

காமாட்சி ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கை கால் இருக்கிறது, தலை இருக்கிறது, கண் திறந்திருக்கிறது. எனக்குப் போன உயிர் வந்தது. "அடி கிடி பட்டுச்சா?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஓடுறப்ப சறுக்கிச் சரிவுல விழுந்துட்டேன். கங்காணியப் பாருங்க, பாவம்" என்றாள். விழும்போது அவள் கையில் களை அறுக்கும் அரிவாள் இருந்ததை அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கால் சாக்கு நனைந்து கருத்திருந்தது. மழையில் எல்லார் சாக்கும் நனைந்துதான் இருந்தது. எல்லார் காலிலும் ரத்தம் வடிந்துகொண்டுதான் இருந்தது. "அட்டை புடுங்கித் திண்டுருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி ஒச்சாயி.

அப்போதுதான் காமாட்சி வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு களேபரத்திலும் சிரிப்பு வந்தது அவர்களுக்கு. "டிரைவர் ரெண்டு நாளு கழிச்சு நேத்துதான் வந்தாக. எங்கிட்டுத் தூங்க விட்டிருப்பாக" என்றாள் ஒச்சாயி. நான்கூட அசடு வழிந்தேன். காமாட்சி சிரிக்கவில்லை. இன்னொரு கொட்டாவி விட்டாள்.

நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய் மச்சான். கங்காணியின் கையில் பாதிக் கட்டு கட்டியபடியே. உன் முகம் சட்டென்று வெளுத்ததை நான் பார்த்தேன். கட்டின் நுனியை யாரோ ஒருவன் கையில் திணித்துவிட்டு எழுந்து வந்தாய். "ஏலே, என்னய இப்படிப் போட்டுட்டு எங்கன போற?" என்று கங்காணி பின்னாலேயே கத்தினார். நீ திரும்பவில்லை. காமாட்சியின் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடித்தபடி சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாய்.

"தங்கச்சி, கண்ணு இருட்டுதா?"

"லேசாண்ணே. தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

"குளிருதா?"

"மழையில நனைஞ்சா குளிராமயா இருக்கும்?"

வாய் மட்டும் குறையவில்லை அவளுக்கு. நீ புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டாய். பிறகு என்னிடம், மெதுவாக, "மாப்ளே, அந்தச் சாக்க அவுரு" என்றாய். பெண்பிள்ளையின் காலை நீ தொட மாட்டாய். எஸ்டேட்டில் எந்தப் பெண்ணுக்குக் காலில் புண் என்றாலும், புருஷனையோ தாயையோ விட்டுத்தான் அவிழ்க்கச் சொல்வாய். காமாட்சி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "அட்டைதாண்ணே, இத்தன பேரு முன்னால எதுக்கு?" என்றாள்.

நான் மண்டியிட்டு அவிழ்த்தேன். சாக்கு கனத்தது. கடைசிச் சுற்று விலகியதும் கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து ரத்தம் என் சட்டை மேல் பீறிட்டது. நின்று, மறுபடி பீறிட்டது. அட்டை கடித்தால் வடியும். இது நெஞ்சு துடிக்கத் துடிக்கத் தெறித்தது. அரிவாள் உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது. அதுவரை அந்தச் சாக்குதான் பாதியை அடைத்து வைத்திருந்தது.

"மன்னிச்சுக்க தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே நீ பஞ்சைத் திணித்து, அதன் மேல் கையை மடக்கி வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினாய். ரத்தம் நின்றது. காடே நின்றதுபோல் இருந்தது எனக்கு. கங்காணியும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

"மேல இறுக்கக் கட்டிப்புடலாம்ல மச்சான்?"

"கட்டலாம். கம்பம் போய்ச் சேர எந்நேரம் ஆகும்? அம்புட்டு நேரமும் இறுக்கிக் கட்டுனா காலு செத்துப்போகும். கை தாங்குற மட்டும் கை. தாங்கலைன்னா கட்டு." உன் தலைத்துண்டை முழங்காலுக்கு மேலே தளர்வாகச் சுற்றி, ஒரு குச்சியையும் செருகி வைக்கச் சொன்னாய். "உசுரா காலான்னு வந்தா அப்பத்தான் அதை முறுக்கணும்" என்றாய். அதை ஏன் என் காதுபடச் சொன்னாய் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தோம். நீ கையை எடுக்காமல் பக்கவாட்டில் குனிந்தபடியே நடந்தாய். லாரியில் மூட்டை மேல் அவள் காலைத் தூக்கி வைத்து, தலையை வண்டியின் முன்பக்கமாகத் தாழ்த்திக் கிடத்தச் சொன்னாய். இறக்கத்தில் இறங்கும்போது இருக்கிற ரத்தமாவது தலைக்கு ஓடட்டும் என்றாய். ஒச்சாயி ஏறி அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள். கங்காணி முன்னால் என் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், டிரம்மில் கரி அணைந்து கிடந்தது.

பெட்ரோல் வண்டி என்றால் ஒரு சுற்றில் கிளம்பியிருக்கும். கரி வண்டிக்குக் கொளுத்தி, காற்றாடியைச் சுற்றி, வாயு பிடிக்கும் வரை நிற்க வேண்டும். கரியோ ஈரம். ஊதினால் புகைகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. நான் காற்றாடிப் பிடியைச் சுற்றிக்கொண்டே அழுதேன். கௌமாரித் தாயே, தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். டிரம்மை உதைத்தேன். இருந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். மேலிருந்து உன் குரல் வந்தது. "மாப்ளே, நானும் பயந்துபோய்த்தான் இருக்கேன். பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். கைய மட்டும் எடுத்துறாத. சுத்து."

சுற்றினேன். பிடித்தது.

கிளம்பும்போது சொன்னாய்: "வேகமாப் போகாத. வளைவுல என் கை நழுவுச்சுன்னா நீ வேகமாப் போயும் பிரயோசனமில்ல. ஒவ்வொரு வளைவு தாண்டையிலும் பலகையக் குதிகாலால ஒரு மிதி மிதிப்பேன். அந்தச் சத்தம் கேட்டா தங்கச்சி நல்லா இருக்கான்னு அர்த்தம்." ஒச்சாயியின் அழுகையை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அவள் உயிரோடு இருக்கிறவளுக்கே பாடை கட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

குமுளி தாண்டி இறக்கம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மழையில் பிரேக்கை நம்ப முடியாது. சின்ன கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. வளைவு. டொம். அடுத்த வளைவு. டொம். அந்தச் சத்தத்துக்காகவே நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே நீ அவளிடம் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. தேவதானப்பட்டியில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, அதற்குப் பக்கத்தில் யார் வீடு என்று தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனாய்.

பாதி வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு கட்டை வண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. ஒதுங்கச் சொன்னால் மாடு மிரளும் என்கிறான் முதல் வண்டிக்காரன். அப்போது மொக்கையன் முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டி, களைக்காட்டில் போடும் அதே அதட்டலைப் போட்டார். "ஏலே, உள்ள ஒரு பொம்பளப்பிள்ளை உசுருக்குக் கிடக்கு. மாட்ட அவுத்துட்டாவது ஒதுங்குங்கடா!" ஒதுங்கினார்கள். அதுவரை அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வண்டிகளைத் தாண்டி அடுத்த வளைவில் சத்தம் வரவில்லை.

கேட்டிருக்காது, ஒச்சாயி அழுகையில் அமுங்கியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வளைவிலும் வரவில்லை. "மச்சான்!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஒச்சாயியின் அழுகையும் நின்றிருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. நிறுத்தினால் நேரம் போகும். நிறுத்தாவிட்டால் பின்னால் எதை வைத்துக்கொண்டு நான் ஓட்டுகிறேன்? "ஓட்டுப்பா, ரோட்டப் பாரு" என்று மொக்கையன் என் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். மலையடியில் லோயர் கேம்ப் வரைக்கும் அப்படித்தான் வந்தேன்.

நிறுத்தினேன். இறங்கினேன். வண்டியைப் பிடித்துப் பிடித்துத்தான் பின்பக்கம் போனேன். நீ அவள் கால் மேல் கவிழ்ந்து கிடந்தாய். எங்கோ ஒரு குலுக்கலில் சறுக்கி, இரண்டு காலையும் பக்கப் பலகையில் முட்டுக்கொடுத்து, கையை மட்டும் எடுக்காமல் அப்படியே கிடந்திருக்கிறாய். ஒச்சாயி உன் முதுகைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அழ அவளுக்கு நேரமில்லை. "ரெண்டு காலும் முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கு, எத வச்சு மிதிக்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "உசுரோட இருக்கா. பாத்துக்கிட்டு நிக்காத, ஓட்டு." காமாட்சியின் உதடு வெளுத்துக் கிடந்தது. "தண்ணி" என்றது அது.

கூடலூரில் கூட்டம் மறித்துவிட்டது. கடைக்கார அம்மா ஒருத்தி செம்போடு ஓடிவந்தாள். நீ வேண்டாம் என்றாய். "புள்ள தொண்டை வறண்டு கேக்குது, நீயெல்லாம் மனுசனா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். "ஆத்தா, மயக்க மருந்து குடுத்துத் தைப்பாக. வயித்துல தண்ணி கிடந்தா அப்பப் பொரையேறிச் செத்துருவா. துணிய நனைச்சு உதட்டுல வைய்யி" என்றாய். அவள் தன் முந்தானையையே நனைத்து வைத்தாள்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கைக்குக் கீழே தன் கையை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, நான் பிடிச்சுட்டேன்" என்றார். உனக்கு விட வரவில்லை. விரல்கள் மரத்து மடங்கிப்போய்விட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். கால் தங்கியது. ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள்.

டாக்டர் வெளியே வந்து சொன்ன பிறகு நீ கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாய். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். முகத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னாய்: "அவ கொட்டாவி விடலைன்னா நான் பாத்துருக்க மாட்டேன் மாப்ளே. நானும் அட்டைன்னுதான் நெனச்சேன். ரத்தம் கொறைஞ்சா கொட்டாவி வரும்னு எப்பவோ ஒரு டாக்டர் சொன்னாக. பாதி மறந்தே போயிருந்தேன்."

அதை நீ சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த இறக்கத்தின் பயம் கம்பத்தோடு போயிருக்கும். இது போகவில்லை. ஒரு கொட்டாவி தள்ளிப் போயிருந்தால், நான் கங்காணியை ஏற்றிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போயிருப்பேன்.

உன் வயிற்றுவலியை நீ யாருக்கும் சொல்லவில்லை. சோற்றை மறந்து வைத்தியம் பார்த்தவனுக்கு வயிற்றில் புண். போன மழைக்கு நீ உத்தமபாளையத்தில் படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு நானும் காமாட்சியும் வந்தோம். லாரியிலேயே வந்தோம். உன் பெண்டாட்டி வாசலுக்கு வந்து, "நேத்து கறுப்புக் கறுப்பா வாந்தி எடுத்தாக. அசைக்கக் கூடாது, எங்கிட்டும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காக. இப்பத் தேவலைண்ணே, வலியும் இல்லைங்கிறாக. தூக்கம்தான் வருது போல, கொட்டாவியா விடுறாக" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். காமாட்சிக்கு அந்தக் கொட்டாவி விஷயம் தெரியாது. நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றாய்.

பக்கத்தில் உட்கார்ந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது. நெற்றியில் பிசுபிசுப்பு. "எங்கன மச்சான் அமுக்குறது?" என்று உன் காதோரம் கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

"கை போகாத இடம் மாப்ளே" என்றாய். பிறகு, "பயமா இருக்கு" என்றாய். லாரி வாசலில் நிற்கிறது. டிரம்மில் கரிகூட அணையவில்லை. எங்கேயும் ஓட்ட முடியாது.

"இருக்கட்டும். நான் கைய எடுக்க மாட்டேன்" என்றேன்.

காமாட்சி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, உன் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் உயரமாக வைத்துக்கொண்டாள். உன் வீட்டு ஆண்கள் நின்றார்கள், பெண்கள் நின்றார்கள். ஒருவரும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. சாயங்காலத் தொழுகைக்குக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் விரலுக்கடியில் அது நின்றது. நின்ற பிறகும் நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் இன்னும் அந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன், பயந்துகொண்டுதான். எங்கேயாவது வண்டி கவிழ்ந்து கூட்டம் கூடியிருந்தால் இறங்கிப் போகிறேன். கத்துகிறவனைத் தாண்டிப் போய், ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பவரின் கையைப் பிடிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இவனுக்கு என்ன கிறுக்கா என்று பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

காமாட்சிக்கு இப்போது எல்லாம் தெரியும். சாயங்காலம் அடுப்படியில் அவளுக்குக் கொட்டாவி வந்தால், நான் எழுந்திருக்கும் முன்பே கையை என் பக்கம் நீட்டிவிடுகிறாள். "தூக்கம்தான். பாத்துக்கிருங்க" என்கிறாள். பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

உன் மாப்பிள்ளை